கேக்காமலே கிடைச்சது

சபையில சாட்சி நேரம்னா எழுந்து நிக்கிறவங்க பெரும்பாலும் பெரிய விஷயத்தோடதான் எழுந்து நிப்பாங்க. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது, வருஷக்கணக்கா தள்ளிப்போன வேலை கிடைச்சது, குழந்தைக்காக அழுதுகிட்டு இருந்தவங்களுக்கு குழந்தை பிறந்தது. கேக்கவே மனசு நிறைஞ்சு போகும், நானும் சேர்ந்து அல்லேலூயா சொல்லுவேன். ஆனா "இந்த மாசமும் எங்க வீட்டு பழைய வாஷிங் மெஷின் நிக்காம ஓடுச்சு, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்"னு யாரும் எழுந்து சொல்லி நான் கேட்டதில்ல. நான் எழுதப் போறது அந்த மாதிரி விஷயங்களப் பத்திதான், ஏன்னா எங்க வாழ்க்கையிலயே ரொம்ப கஷ்டமான ஒரு காலத்தை நாங்க கடந்து வந்தது அதுகளாலதான்னு நான் முழு மனசோட நம்புறேன்.

136-ஆம் சங்கீதத்த ஒரு தடவ மெதுவா வாசிச்சுப் பாருங்க. மொத்தம் 26 வசனம். வானத்த உண்டாக்கினார், சூரியன் சந்திரன உண்டாக்கினார், செங்கடல ரெண்டாப் பிரிச்சார், பார்வோன அதுல கவிழ்த்துப் போட்டார், சீகோன் ஓக்னு பெரிய ராஜாக்கள அழிச்சார், இப்படியே பெரிசு பெரிசா போயிட்டே இருக்கும். முடியறதுக்கு முந்தின வசனத்துல, 25-ல, மாம்சமான எல்லாருக்கும் ஆகாரம் கொடுக்கிறார்னு வரும். கடல் பிளந்ததுக்கும் இன்னைக்கு சாப்பிட்டதுக்கும் ஒரே பல்லவி, அவர் கிருபை என்றுமுள்ளது. சின்ன வயசுல இருந்து வாசிச்ச சங்கீதம்தான், ஆனா அந்த 25-ஆவது வசனத்துல நான் நின்னது அந்தக் காலத்துலதான்.

என்ன காலம்னா, என் வீட்டுக்காரர் வேலை பாத்த இடத்துல ஆட்களக் குறைச்சாங்க, அதுல அவர் பேரும் இருந்துச்சு, அந்த அதிர்ச்சி அடங்குறதுக்குள்ள அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் செயலிழந்து படுக்கையாயிட்டாங்க, பேச்சும் சரியா வரல. பையன் அப்போ சின்ன வகுப்பு. அவர் வேலை தேடி அலையணும், நான் பகுதிநேரமா பாத்துட்டு இருந்த வேலைய விட முடியாது, அத்தைய தனியா விட்டுட்டு எங்கயும் நகர முடியாது. ஜெபம் பண்ணினா கூட லிஸ்ட்டுதான் வரும், ஆண்டவரே இது வேணும் அது வேணும்னு.

எங்க ஜெபக்குழுவுல ஒரு வயசான அம்மா இருந்தாங்க, அதிகம் பேச மாட்டாங்க. ஒரு நாள் ஜெபம் முடிஞ்சு கிளம்பும்போது என் கையப் பிடிச்சு, "கேட்டதெல்லாம் வந்துச்சான்னு ராத்திரி கணக்குப் பாக்காதம்மா. கேக்காமலே இன்னைக்கு என்ன வந்துச்சுன்னு ஒண்ணே ஒண்ணு மட்டும் ஆண்டவர்கிட்ட சொல்லிட்டுப் படு"ன்னாங்க. அவ்ளோதான், வசனம் கூட சொல்லல. எனக்கு அது எங்க போய் ஒட்டிக்கிச்சுன்னு தெரியல, அன்னைக்கு ராத்திரியே செஞ்சு பாத்தேன்.

முதல்ல ஒண்ணுமே தோணாது. உடம்பு அசதியில ஏதோ ஒண்ணச் சொல்லிட்டு தூங்கிடுவேன். அப்புறம் மெதுவா வர ஆரம்பிச்சது. அத்தைக்கு ஊசி போட நரம்பு கிடைக்கிறதே கஷ்டம், எப்பவும் ரெண்டு மூணு இடத்துல குத்திப் பாப்பாங்க, ஒரு நாள் புதுசா வந்த நர்ஸ் பொண்ணு ஒரே தடவையில போட்டுட்டா, அத்தை முகம் கூட சுளிக்கல. அத நான் ஜெபத்துல கேட்டிருக்கவே மாட்டேன், கேக்கணும்னே தோணியிருக்காது. இன்னொரு நாள் பழைய தோழி ஒருத்தி போன் பண்ணா, எந்த வேலையும் இல்ல, சும்மா பேசத்தான், நான் பாட்டுக்கு அழுதேன், அவ பாட்டுக்கு கேட்டுகிட்டே இருந்தா, ஒரு அட்வைஸ் கூட சொல்லல. பையன் ஹோம்வொர்க்க தானே முடிச்சிட்டு பாட்டி கட்டில் பக்கத்துல உக்காந்து சத்தமா பாடம் வாசிச்சான், அத்தை இடது கையால அவன் தலைய தடவுனாங்க. இதெல்லாம் போன்ல நோட்ஸ்ல ஒரு வரியா எழுதி வைக்க ஆரம்பிச்சேன்.

எழுதறதப் பத்தி ஒண்ணு சொல்லணும். பிரிஸ்டல்ல 1836-ல அநாதைப் பிள்ளைகளுக்காக வீடு திறந்த ஜார்ஜ் முல்லர் பத்தி நிறைய பேர் கேள்விப்பட்டிருப்பீங்க, மனுஷங்க யார்கிட்டயும் பணம் கேக்காம ஜெபத்துலயே நடத்தினவர். அவரோட பெரிய அற்புதங்களத்தான் பிரசங்கத்துல சொல்லுவாங்க, ஆனா எனக்கு அவர்கிட்ட பிடிச்சது அவர் கணக்கு எழுதினதுதான், வந்த ரொம்பச் சின்னக் காணிக்கையக் கூட விடாம பதிவு பண்ணினார். பெருந்தொகை எழுதுற அதே புஸ்தகத்துல சில்லறையும். அப்படி எழுதுறவருக்குத்தான் சில்லறையும் கர்த்தர் கையில இருந்து வந்ததா தெரியும்.

ஆனா வெறும் கணக்கு போதாது. மாற்கு 8-ல ஒரு சம்பவம் இருக்கு, சீஷர்கள் படகுல போறாங்க, கையில ஒரே ஒரு அப்பம், கவலையில பேசிக்கிறாங்க. இயேசு கேக்கிறார், அஞ்சு அப்பத்த 5,000 பேருக்கு பிட்டப்போ மீதி எத்தன கூடை? 12 அப்படிங்கிறாங்க. 4,000 பேருக்குப் பிட்டப்போ? 7. ரெண்டு பதிலும் கரெக்ட். அப்புறமும் அவர் கேக்கிறார், இன்னும் உணராம இருக்கிறது எப்படின்னு. கூடைய எண்ணிச் சுமந்தவங்களே அவங்கதான், அற்புதத்தோட நம்பர் மனப்பாடமா இருக்கு, அத செஞ்சவர் அதே படகுல பக்கத்துல உக்காந்திருக்கிறது மட்டும் மறந்து போச்சு. அதனால நான் எழுதறத அப்படியே விட மாட்டேன், எழுதினத வாய்விட்டு அவர்கிட்ட சொல்லுவேன், "ஆண்டவரே அந்த நர்ஸ் பொண்ணோட கைய நீங்கதான் பிடிச்சீங்க"ன்னு. லிஸ்ட் போடறது வேற, அவர்கிட்ட பேசறது வேற, இத ஆரம்பிக்கிறவங்க இந்த இடத்த விட்டுடாதீங்க.

அப்புறம் உடையாத பொருட்கள். இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, கொஞ்சம் விரிவாவே சொல்றேன். உபாகமம் 8:4-ல மோசே, எகிப்துல இருந்து புறப்பட்டு வனாந்தரத்துல நடந்து வந்த ஜனங்களுக்கு ஒண்ணு ஞாபகப்படுத்துறார், இந்த 40 வருஷமா உன் உடுப்பு பழசாப் போகல, உன் கால் வீங்கல. யோசிச்சுப் பாருங்க, வானத்துல இருந்து மன்னாங்கிற ஆகாரம் விழுந்தப்போ எல்லாரும் பாத்தாங்க, கன்மலையில இருந்து தண்ணி வந்தப்போ எல்லாரும் ஓடினாங்க, ஆனா சட்டை கிழியாம இருக்கிறத எந்த நாள்ல யார் பாப்பாங்க? கால் வீங்காம காலையில எழுந்தவன் "ஆ, இன்னைக்கு கால் வீங்கல"ன்னா சொல்லுவான்? நடக்காத விஷயம் கண்ணுக்குத் தெரியாது. 40 வருஷம் முடிஞ்சு ஒருத்தர் நிறுத்தி சொன்னப்புறம்தான் அது ஒரு அற்புதம்னே தெரியுது.

இத வாசிச்ச அன்னைக்கு வீட்ட ஒரு சுத்து சுத்திப் பாத்தேன். படுக்கையா இருக்கிறவங்க இருக்கிற வீட்ல துணி எவ்ளோ சேரும்னு அனுபவிச்சவங்களுக்குத் தெரியும், அந்த வாஷிங் மெஷின் எப்பவோ மாத்தியிருக்க வேண்டியது, அது பாட்டுக்கு ஓடிட்டு இருந்துச்சு. பையனோட ஷூ தேஞ்சிருந்துச்சு ஆனா பிய்யல. வீட்ல வேற யாருக்கும் அந்தக் காலம் முழுக்க பெரிசா காய்ச்சல்னு ஒண்ணு வரல, முதுகு வலிச்சாலும் அத்தைய தூக்கி உக்கார வைக்கிற பெலன் எனக்கு இருந்துச்சு. ரிப்பேர் ஆகியிருந்தா, உடம்புக்கு வந்திருந்தா, எங்ககிட்ட அதுக்கு காசும் இல்ல தெம்பும் இல்ல. வரவுல தெரியாத ஆசீர்வாதம் இது, செலவு வராம போனது. மாசக் கடைசியில ஒரு தடவையாவது "இந்த மாசம் எது உடையல"ன்னு யோசிங்க, நிச்சயம் ஏதாவது இருக்கும்.

இனி ஆகார். ஆதியாகமம் 21. ஆபிரகாம் வீட்டுல இருந்து பிள்ளையோட வனாந்தரத்துக்கு அனுப்பப்பட்ட அடிமைப் பொண்ணு. துருத்தியில, அதாவது தோல் பையில, தண்ணி தீந்து போச்சு, பிள்ளைய ஒரு செடிக்குக் கீழ விட்டுட்டு, அவன் சாகறத நான் பாக்க மாட்டேன்னு தூரமா போய் உக்காந்து அழறா. தேவன் பிள்ளையோட சத்தத்தக் கேட்டார்னு இருக்கு, அப்புறம் அவ கண்ணத் திறந்தார், அவ ஒரு தண்ணீர்த் துரவ, அதாவது கிணத்த, பாத்தா. துரவ அப்போதான் புதுசா தோண்டினார்னு வேதத்துல எழுதல, கண்ணத் திறந்தார்னுதான் எழுதியிருக்கு.

எங்களுக்கு அப்போ இருந்த பெரிய தேவை, நான் வேலைக்குப் போற அந்த சில மணி நேரம் அத்தைகூட நம்பிக்கையான ஒருத்தர் இருக்கணும். ஆள் வைக்க வசதி இல்ல. இதுக்காக ராத்திரி ராத்திரி அழுதிருக்கேன். ஒரு நாள் மாடிப்படியில ஏறும்போது பை வார் அறுந்து சாமானெல்லாம் உருண்டு போச்சு, மேல் வீட்டு அக்கா இறங்கி வந்து பொறுக்கிக் கொடுத்தாங்க, கையில மருந்து அட்டைய எடுத்துப் பாத்துட்டு, "இது ஸ்ட்ரோக் வந்தவங்களுக்குக் கொடுக்கிறதாச்சே, வீட்ல யாருக்கு?"ன்னு கேட்டாங்க. அவங்க நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க. பகல்ல வீட்ல தனியாத்தான் இருக்காங்க. படியில பாத்தா சிரிச்சுக்குவோம், அவ்ளோதான் பழக்கம். மறுநாள் அவங்களே வந்து கதவத் தட்டினாங்க, "நீ வேலைக்குப் போயிட்டு வாம்மா, நான் பாத்துக்கிறேன்"னு. அத்தைய எப்படி திருப்பிப் படுக்க வைக்கணும், முதுகுல புண் வராம எப்படி பாத்துக்கணும், தொண்டையில அடைக்காம எப்படி ஊட்டணும் எல்லாம் அவங்கதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. நாங்க அழுதுகிட்டு இருந்த அத்தன நாளும் அவங்க எங்க தலைக்கு மேல ஒரு மாடி தள்ளி இருந்தாங்க. அன்னைக்கு ராத்திரி நான் நோட்ஸ்ல எழுதினது ஒரே வார்த்தை, துரவு.

அதுக்கப்புறம் என் ஜெபமே கொஞ்சம் மாறிச்சு. தாங்கன்னு கேக்கிறத நிறுத்தல, கேக்கச் சொன்னவரே அவர்தானே. கூடவே "ஏற்கனவே வச்சிருந்தா காட்டுங்க"ன்னும் கேப்பேன்.

சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1529-ல எழுதின சின்ன ஞானோபதேசம்ங்கிற கேள்வி-பதில் புஸ்தகத்துல, இயேசு கத்துக்கொடுத்த ஜெபத்துல வர்ற "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்"ங்கிற விண்ணப்பத்துக்கு விளக்கம் கொடுத்திருப்பார். ஆகாரம்னா என்னன்னு கேட்டு, சாப்பாடு, உடுப்பு, செருப்பு, வீடுன்னு ஆரம்பிச்சு, நல்ல அரசாங்கம், நல்ல வானிலை, சமாதானம், ஆரோக்கியம், நல்ல நண்பர்கள், உண்மையுள்ள அக்கம்பக்கத்தார் வரைக்கும் கொண்டு போவார். அதாவது மேல் வீட்டு அக்காவும் என் அன்றாட ஆகாரம்தான். இது தெரிஞ்சப்புறம் அந்த ஜெபத்த வேகமா சொல்லிட்டுப் போக முடியல.

அந்த விண்ணப்பத்துல இருக்கிற "இன்று"ங்கிறது எங்களுக்கு நேரடியாவே உதவுச்சு. யாத்திராகமம் 16-ல மன்னாவ தலைக்கு ஒரு ஓமர் அளவுன்னு சேக்கச் சொல்றார், மறுநாளுக்குன்னு மிச்சம் வச்சது புழு பிடிச்சு நாறிப் போச்சு. என் வீட்டுக்காரருக்கு ராத்திரியில தூக்கமே வராது, ஆறு மாசம் கழிச்சு வாடகை, அடுத்த வருஷ ஃபீஸ்னு மனசுல ஓடிட்டே இருக்கும். அவரே ஒரு வழி பண்ணினார், காலையில ஒரு சின்னத் தாள்ல இன்னைக்கு என்ன தேவையோ அத மட்டும் எழுதுவார், மருந்து, பஸ் காசு, ஒரு இன்டர்வியூவுக்குப் போக தைரியம், இந்த மாதிரி. அதுக்கு மட்டும் ஜெபிப்போம். சாயங்காலம் அந்தத் தாளப் பாத்தா பெரும்பாலும் எல்லாம் கடந்து வந்திருக்கும்.

இத சொன்ன உடனே சிலர் சேத்து வைக்கிறதே அவிசுவாசம்னு சொல்லுவாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. அதே அதிகாரத்துல ஆறாம் நாள் ரெட்டிப்பா சேக்கச் சொன்னதும் அவர்தான், அன்னைக்கு வச்சது நாறவும் இல்ல புழுக்கவும் இல்ல. எகிப்துல யோசேப்பு ஏழு வருஷம் தானியம் சேத்து வச்சதாலதான் அவன் அப்பா வீட்டாரே பிழைச்சாங்க. நாங்க வேலை இருந்த காலத்துல கொஞ்சம் சேத்து வச்சிருந்தோம், அதுவும் கர்த்தர் முன்னாடியே செஞ்ச ஏற்பாடுதான்னு நினைக்கிறேன்.

கொடுக்காததப் பத்தியும் சொல்லணும், சொல்லாம விட்டா இது முழு உண்மையா இருக்காது. அத்தை எழுந்து நடக்கணும்னு உபவாசம் இருந்து ஜெபிச்சோம், சபையே ஜெபிச்சது. அவங்க எழுந்திருக்கல, கர்த்தருக்குள்ள தூங்கிட்டாங்க. அப்போஸ்தலன் பவுல் தன் மாம்சத்துல இருக்கிற முள்ளுன்னு சொன்ன கஷ்டத்துக்காக மூணு தடவ கேட்டும் முள்ளு போகல, என் கிருபை உனக்குப் போதும்னுதான் பதில் வந்துச்சு. சின்னச் சின்ன நன்மைகள எண்ணுனா இந்த வலி போயிடும்னு நான் சொல்ல மாட்டேன், போகல. அதனால துக்கத்துல இருக்கிற ஒருத்தர்கிட்ட போய் "கர்த்தர் செஞ்ச நன்மைகள நினைச்சுப் பாருங்க"ன்னு உடனே சொல்லாதீங்க, தயவுசெஞ்சு. அந்த வயசான அம்மா கூட என்கிட்ட அத சொன்னது பல வாரம் என்கூட உக்காந்து அழுததுக்கு அப்புறம்தான்.

அந்த நாட்கள்ல என்னைத் தாங்கினது 1 இராஜாக்கள்ல வர்ற எலியா தீர்க்கதரிசி. 17-ஆம் அதிகாரத்துல கேரீத் ஆத்தண்டையில காகங்கள் காலையிலயும் சாயங்காலமும் அப்பமும் இறைச்சியும் கொண்டு வருது, கர்த்தர் சொன்ன இடத்துலதான் இருக்கார், ஆனாலும் ஆறு வத்திப் போகுது. கீழ்ப்படிஞ்சவனோட ஆறும் வத்தும். அப்புறம் சாறிபாத் விதவை வீடு, அங்க பானையில மா தீரல, கலயத்துல எண்ணெய் குறையல. 19-ஆம் அதிகாரத்துல அதே எலியா சூரைச்செடியின் கீழ படுத்து, போதும் கர்த்தாவேன்னு சாகக் கேக்கிறார். அதுக்கு என்ன பதில் வந்துச்சு பாருங்க. தூதன் தட்டி எழுப்பி சாப்பிடச் சொல்றான். தழல்ல சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணி. சாப்பிட்டுட்டு மறுபடியும் படுத்துக்கிறார், மறுபடியும் எழுப்பி சாப்பிடச் சொல்றான், நீ போக வேண்டிய தூரம் அதிகம்னு. திட்டல, பிரசங்கம் பண்ணல. அத்தை போன அப்புறம் நான் தூங்கின தூக்கத்த நான் அப்படித்தான் பாக்கிறேன், மாசக்கணக்கா விட்டுப் போன தூக்கம், அதுவும் அவர் கொடுத்ததுதான்.

என் வீட்டுக்காரருக்கு வேலை கிடைச்சது. இப்போ யோசிச்சா, கவனிக்கிறது கஷ்டமானது அதுக்கப்புறம்தான். யோசுவா 5:12-ல கானான் தேசத்து விளைச்சல சாப்பிட ஆரம்பிச்ச மறுநாள் மன்னா நின்னு போச்சுன்னு இருக்கு. வானத்துல இருந்து விழுந்தா கர்த்தர் கொடுத்தார்னு சொல்றது சுலபம், வயல்ல விளைஞ்சா, பேங்க்ல சம்பளமா விழுந்தா, என் உழைப்புன்னு தோணும். மோசேயும் உபாகமம் 8-ல அதத்தான் முன்கூட்டியே எச்சரிக்கிறார், என் சாமர்த்தியம் என் கைப்பெலன்னு நினைச்சிடாத, சம்பாதிக்கிற பெலனக் கொடுக்கிறவரே அவர்தான்னு. அதனால சம்பள மெசேஜ் வர்ற அன்னைக்கு, மத்த எதுவும் செய்றதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் சேர்ந்து ஸ்தோத்திரம் சொல்லுவோம், அரை நிமிஷம்தான் ஆகும். ராத்திரி சாப்பிடும்போது பையன்கிட்டயும் கேப்போம், இன்னைக்கு கேக்காமலே என்ன கிடைச்சதுன்னு. ஒரு நாள் "புதுப் பையன் என் பக்கத்துல வந்து உக்காந்தான்"ன்னான், ஒரு நாள் ஒண்ணும் இல்லன்னுட்டான். ஒண்ணும் இல்லன்னா விட்டுடுவோம், வற்புறுத்தி வர வைக்கக் கூடாது, பிள்ளைகளுக்கு அது பரீட்சை மாதிரி ஆயிடும்.

கடைசியா, காகங்களப் பத்தி. எங்களுக்கு வந்த உதவில பாதிக்கு மேல மனுஷங்க கையாலதான் வந்துச்சு, அவங்கள்ல நிறைய பேருக்கு தாங்க கர்த்தரோட ஏற்பாடா இருந்தோம்னே தெரியாது. அதனால இப்போ யாராவது திடீர்னு ஞாபகத்துக்கு வந்தா அன்னைக்கே ஏதாவது செஞ்சிடறேன், தள்ளிப் போட்டா அந்த நினைப்பு போயிடுது. யாக்கோபு 2-ல, குளிர்காய்ந்து பசியாறுங்கள்னு வாயால மட்டும் சொல்லி அனுப்பினா என்ன பிரயோஜனம்னு கேக்கிறாரே, அது எனக்கு அப்போ நல்லா புரிஞ்சது. "ஏதாவது வேணும்னா சொல்லுங்க"ன்னு நிறைய பேர் அன்பா சொன்னாங்க, ஆனா களைச்சுப் போனவங்களால என்ன வேணும்னு யோசிச்சுச் சொல்லவே முடியாது. "நாளைக்கு சாயங்காலம் ரெண்டு மணி நேரம் நான் வந்து அத்தைகூட இருக்கேன், நீ போய் குளிச்சிட்டு தூங்கு"ன்னு ஒரு சகோதரி சொன்னா, அதுக்கு நான் சரின்னு மட்டும் சொன்னா போதும். நாளு, நேரம், என்ன செய்யப் போறீங்கன்னு மூணையும் நீங்களே சொல்லிடுங்க. வேண்டாம்னா அவங்க வேண்டாம்னு சொல்லிக்கட்டும், நீங்க தப்பா எடுத்துக்காதீங்க, அடுத்த வாரம் திரும்பக் கேளுங்க.